நின்ற நேரத்தின் வாடகை

(கருமத்தம்பட்டியில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கோவையிலிருந்து அவிநாசி போகும் வழியில், அன்னூர்ச் சாலையும் சோமனூர்ச் சாலையும் வந்து கூடும் இடம் நம் கருமத்தம்பட்டி. வாசலில் ஓடும் சாலைக்கு இன்றைய பெயர் தேசிய நெடுஞ்சாலை 544. பழைய டிரைவர்கள் வாயில் அது இன்னமும் 47தான். சேலத்தையும் கொச்சியையும் இணைக்கும் இந்தச் சாலையோரம் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால், கொங்கு நாட்டின் பிழைப்பு முழுவதும் தார்ப்பாய்க்கு அடியில் போவது தெரியும். குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் மில்லுக்கு வருகிற பஞ்சுப் பொதி, மில்லிலிருந்து தறிக்கு வருகிற நூல் மூட்டை, சோமனூர்த் தறிகளில் நெய்து இறக்கிய காடாத் துணி, திருப்பூரில் ஏற்றிக் கொச்சித் துறைமுகம் போகிற கன்டெய்னர், நாமக்கல் முட்டை, கோவையில் செய்த பம்ப்செட், கிரைண்டர், வார்ப்பட இரும்பு, இருகூர் எண்ணெய்க் கிடங்கிலிருந்து கிளம்பும் டேங்கர். இத்தனையும் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்வதை நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். அதற்காக வண்டியும் டிரைவரும் எத்தனை மணி நேரம் சும்மா நிற்கிறார்கள், அந்த நேரத்தின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

லாரித் தொழில் நசிகிறது என்று யார் பேசினாலும் டீசல், டோல்கேட், இன்சூரன்ஸ் என்று மூன்று காரணம் முதலில் வரும். மூன்றும் உண்மை. 2014 அக்டோபரில் டீசல் விலை மீதிருந்த அரசுக் கட்டுப்பாடு நீங்கியது. 2017 ஜூன் 16 முதல் விலை நாள்தோறும் மாற ஏற்பாடானது. ஆனால் இவற்றுக்கெல்லாம் பில் இருக்கிறது, ரசீது இருக்கிறது. வாடகை பேசும்போது இவற்றைச் சொல்லி ஆயிரம், இரண்டாயிரம் கூட்டிக் கேட்க முடிகிறது. ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் காத்து நிற்கும் நேரத்துக்குப் பில் கிடையாது. தொழிலில் அதற்கு ஹால்டிங் என்று பெயர் மட்டும் வைத்திருக்கிறோம். ஹால்டிங் பணம் கேட்கலாம் என்று எல்லாருக்கும் தெரியும். கேட்டு வாங்குகிற ஒற்றை வண்டிக்காரர் மிகக் குறைவு என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

செலவை ஒரு வண்டியை வைத்தே பார்க்கலாம். மூன்று அச்சுள்ள பத்துச் சக்கர லாரி. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுச் சுமையை உயர்த்தியபோது இதன் மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது. இந்த எடைப் பிரிவுக்கு 2022 ஜூனில் வகுத்த மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் ஆண்டுக்கு 43,950 ரூபாய், நாளுக்கு 120. நேஷனல் பர்மிட்டுக்கான கூட்டுக் கட்டணம் ஆண்டுக்கு 16,500 ரூபாய், நாளுக்கு 45. வண்டித் தவணை மாதம் 60,000 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்; நாளுக்கு 2,000. இதற்கு மேல் டிரைவர் பேட்டா, டயர் தேய்மானத்துக்கும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று வேலைக்கும் ஒதுக்க வேண்டியது, காலாண்டு வரி. வண்டி நின்றால் டீசலும் டோலும் டயர் தேய்மானமும் மிச்சமாகும். நான் சொன்ன மற்ற எதுவும் மிச்சமாகாது. குடோன் வாசலில் இரண்டு நாள் நின்றால் தவணை, காப்பீடு, பர்மிட் ஆகியவற்றில் மட்டும் 4,330 ரூபாய் போகிறது. அந்த இரண்டு நாளில் அடித்திருக்கக்கூடிய இன்னொரு நடையும் சேர்ந்து போகிறது. பத்துப் பதினைந்து வண்டி வைத்திருப்பவர் ஒரு வண்டி நின்றால் இன்னொரு வண்டியில் ஈடுகட்டுவார். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் நம் ஊர்ப் பக்கத்திலும் ஒரு வண்டி, இரண்டு வண்டி என்று கடனில் எடுத்து ஓட்டுபவர்களுக்கு அந்த வசதி இல்லை.

வண்டி நிற்பது எதனால் என்று புரிந்துகொள்ள, லோடையும் வண்டியையும் சேர்த்துவைக்கும் புக்கிங் ஆபீஸின் வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். மேசையில் இரண்டு மூன்று போன், ஒரு நீள டைரி, கார்பன் தாள் செருகிய எல்.ஆர். எனும் லாரி ரசீதுப் புத்தகம். டைரியின் ஒரு பக்கத்தில் லோடு, எதிர்ப் பக்கத்தில் வண்டி. இன்று சாயங்காலம் சோமனூரிலிருந்து வடக்கே போக வேண்டிய துணி எத்தனை டன், எந்த வண்டி காலியாகத் திரும்பிவந்து தெக்கலூர்ப் பக்கம் நிற்கிறது, அதன் பர்மிட்டும் எஃப்.சி.யும் நடப்பில் உள்ளதா, அந்த டிரைவர் அந்த வழியில் ஓட்டிப் பழகியவரா என்பதெல்லாம் பொருத்தி ஒரு முடிவெடுப்பதற்குள் பத்துப் போன் போயிருக்கும். எந்தப் பார்ட்டி பேலன்ஸ் தொகையைச் சொன்ன தேதிக்குக் கொடுப்பார், எந்தக் குடோனில் மதியம் இரண்டு மணிக்கு மேல் சரக்கு இறக்க மாட்டார்கள் என்ற விவரம் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. ஆபீஸ்காரர் தலைக்குள் இருக்கிறது. இடைத்தரகர் கமிஷன் அடிக்கிறார் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வண்டி காலியாக நிற்கும் நேரத்தைக் குறைப்பதற்குத்தான் அந்தக் கமிஷன் என்று நான் கருதுகிறேன். கேரளத்துக்கு அரிசியும் காய்கறியும் முட்டையும் ஏற்றிப் போகும் வண்டிக்கு அங்கே ரிட்டர்ன் லோடு குறைவு. பெரும்பாவூரில் பிளைவுட் கிடைத்தால் உண்டு. இல்லாவிட்டால் எல்லையிலுள்ள வாளையாறு வரை காலி வண்டிதான். அந்தப் பிளைவுட் லோடு இருப்பதை ஒரு நாள் முன்னால் அறிந்து சொல்லும் ஆள், வண்டிக்காரருக்கு ஒரு நாளை மிச்சப்படுத்தித் தருகிறார். ஆனால் அவருடைய திறமையும் குடோன் கேட்டோடு நின்றுவிடுகிறது. கேட்டுக்கு உள்ளே கடிகாரம் சரக்கு வாங்குபவருடையது.

மற்றப் போக்குவரத்துகளோடு ஒப்பிட்டால் இந்த நிலைமை எவ்வளவு விசித்திரம் என்று தெரியும். சோமனூர் வழியாக ஓடும் ரயில்பாதையில் ஒரு சரக்கு வேகனை இறக்க இத்தனை மணி நேரம் இலவசம் என்று விதி இருக்கிறது. அதைத் தாண்டினால் வேகனுக்கு மணிக்கணக்கில் டெமரேஜ், இறக்கிய சரக்கை நிலைய வளாகத்திலேயே போட்டு வைத்தால் வார்ஃபேஜ். கப்பலுக்கு இதே ஏற்பாடு பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. திருப்பூர் ஏற்றுமதியாளர் கப்பல் கம்பெனியின் கன்டெய்னரைத் தவணை நாள் கடந்து வைத்திருந்தால் நாள் வாடகை கட்டுகிறார். அந்தக் கன்டெய்னரைச் சுமந்து நிற்கும் டிரெய்லருக்கும் அதன் டிரைவருக்கும் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. வெறும் இரும்புப் பெட்டி நின்ற நேரத்துக்கு இருக்கிற விலை, அதைச் சுமக்கும் மனிதரின் நேரத்துக்கு இல்லை. இதே சாலையில் ஓடும் தனியார் பேருந்துகளையும் பாருங்கள். ஸ்டாண்டில் டைம் கீப்பர் இருக்கிறார். இரண்டு நிமிடம் பிந்திக் கிளம்பினால் பின்னால் வரும் பஸ்காரர் சண்டைக்கு வருகிறார். பர்மிட்டில் நேரம் எழுதியிருப்பதால் பேருந்தின் இரண்டு நிமிடத்துக்கு மதிப்பு வந்தது. லாரியின் இரண்டு நாள் எங்கேயும் எழுதப்படவில்லை.

அரசு இதுவரை எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். வாளையாறு சோதனைச் சாவடியில் கிலோமீட்டர் கணக்கில் லாரிகள் வரிசைகட்டி நின்ற காலத்தை இங்கே பலர் மறந்திருக்க மாட்டீர்கள். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது, விற்பனை வரிச் சாவடிகள் போயின. 2018-ல் சரக்கோடு போகும் மின்னணுச் சீட்டான ஈ-வே பில் வந்தது. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. கணியூர் டோல்கேட்டில் சில்லறைக்காக நின்ற நேரமும் குறைந்தது. சாலையில் நிற்க வைத்த தடைகள் ஒவ்வொன்றாக விலகியிருக்கின்றன. ஆனால் சாலையில் மிச்சமான நேரம் வண்டிக்காரர் கைக்கு வந்து சேர்ந்ததா? விடிகாலையில் வர வேண்டிய வண்டி நள்ளிரவிலேயே வந்துவிட்டால், குடோன் திறக்கும் வரை கூடுதலாக நிற்கிறது. இறக்கும் ஆட்கள் பத்து மணிக்குத்தான் வருவார்கள். முன்னால் நாலு வண்டி இருக்கும். சாலையைச் சரிசெய்துவிட்டு வாசலை அப்படியே விட்டதால், வரிசை இடம் மாறியிருக்கிறது.

இதில் இன்னும் ஒரு முரண்பாடு உண்டு. ஈ-வே பில்லுக்குக் கடிகாரம் இருக்கிறது. முதலில் நாளுக்கு 100 கிலோமீட்டர் என்றிருந்ததை 2021 ஜனவரி முதல் நாளுக்கு 200 கிலோமீட்டர் என்று மாற்றினார்கள். இங்கிருந்து மும்பை சுமார் 1,250 கிலோமீட்டர் என்றால் ஏழு நாள் கெடு. அது தாண்டினால், நீட்டிக்காமல் மாட்டினால், அபராதம். சாலைவழிச் சரக்கேற்றுச் சட்டத்திலும் இதே போக்குதான். 1865-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு 2007-ல் இயற்றி, 2011 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. சரக்கு எத்தனை நாள் வரை தாமதமாகலாம் என்று இருதரப்பும் ஒப்புக்கொண்டு முன்னனுப்புக் குறிப்பில் எழுதலாம், அந்த நாள் வரையான தாமதத்துக்கு வாடகைத் தொகை அளவுக்குச் சரக்கேற்றுநர் பொறுப்பு என்று அதன் 10-ஆம் பிரிவு சொல்கிறது. வண்டிக்காரர் செய்யும் தாமதத்துக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வண்டிக்காரருக்குச் செய்யப்படும் தாமதத்துக்கும் அதே தாளில் இடம் கேட்பதுதான் என் வாதம்.

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். உயிர் இதில் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் டிரைவருக்கு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை என்று வகுத்தது. ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு. அந்தச் சட்டம் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்துக்குத்தான் பொருந்தியது என்றாலும், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-ஆம் பிரிவு இதே நேர வரம்பை எல்லாச் சரக்கு வண்டி டிரைவர்களுக்கும் விரித்தது. ஏட்டில் இது நல்ல சட்டம். குடோன் வாசலில் பகல் முழுவதும் நின்றவர் தூங்கியிருப்பார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வரிசை நகர நகர வண்டியை எடுக்க வேண்டும். கயிறு அவிழ்த்துத் தார்ப்பாய் சுருட்ட வேண்டும். மூட்டை எண்ணிக்கை குறையாமல் பார்த்து நிற்க வேண்டும். கிளீனர் இல்லாத வண்டிகள் பெருகிவிட்டதால் இதெல்லாம் ஒரே ஆள். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் கனரக லாரிகளில் டிரைவர் கேபினுக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்பது வரவேற்கத்தக்கது. ஆனாலும் எஞ்சினை நிறுத்திவிட்டு வரிசையில் நிற்கும்போது அந்த ஏசி ஓடாது. சாயங்காலம் ஆறு மணிக்கு இறக்கி முடித்ததும் அடுத்த லோடுக்குப் போன் வரும். விடிவதற்குள் அங்கே நிற்க வேண்டும் என்பார்கள். பகலில் தொலைத்த நேரத்தை இரவில் ஓட்டிப் பிடிக்கப் பார்க்கிறார் அவர். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2018 ஜனவரியில் இதைக் கணக்கிட்டது: ஏற்றி இறக்கும் இடத்தில் சராசரியாகத் தங்கும் நேரம் 15 நிமிடம் கூடினால், எதிர்பார்க்கக்கூடிய விபத்து விகிதம் 6.2 விழுக்காடு கூடுகிறது. ஓய்வு நேரத்தை மின்னணுக் கருவி கண்காணிக்கும் நாட்டிலேயே நிலைமை அது.

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு. அவற்றைத் தட்டிக்கழிக்க மாட்டேன். முதலாவது, செல்போன் செயலிகள் வந்துவிட்டன, லோடும் வண்டியும் நேரடியாகச் சந்திக்கின்றன, இனி இந்தப் பிரச்சினை தானே தீரும் என்பது. லோடு தேடி நிற்கும் நேரத்தைச் செயலி குறைக்கும், அதை ஏற்கிறேன். அமெரிக்காவில் ஓரெகன் மாநிலத்து போர்ட்லாந்தில் ஒரு லாரி நிறுத்துமிடத்தில் 1978-லேயே லோடு விவரங்களைத் திரையில் காட்டத் தொடங்கினார்கள். அதுதான் வளர்ந்து இன்றைய பெரிய லோடு சந்தையாக ஆகியிருக்கிறது. அங்கே புரோக்கர் 75,000 டாலர் ஜாமீன் கட்ட வேண்டும். கணக்கைக் கேட்டுப் பார்க்கும் உரிமையும் வண்டிக்காரருக்கு விதியில் இருக்கிறது. இத்தனை இருந்தும், நாற்பது ஆண்டுக்குப் பிறகு அதே 2018 அறிக்கை வாசலில் நிற்கும் நேரத்தால் டிரைவர்கள் ஆண்டுக்கு 110 கோடி முதல் 130 கோடி டாலர் வரை வருமானம் இழப்பதாகச் சொல்கிறது. லோடு கிடைப்பது ஒரு பிரச்சினை, லோடை இறக்குவது வேறு பிரச்சினை. முன்னதற்குக் கண்ட மருந்து பின்னதைத் தொடவில்லை.

இரண்டாவது, மில்காரரும் குடோன்காரரும் சொல்வது: எங்களுக்கும் இறக்கும் ஆள் கிடைப்பதில்லை, வண்டி சொன்ன நேரத்துக்கு வருவதில்லை, பத்து மணி என்றவர் மூன்று மணிக்கு வந்து நின்றால் நாங்கள் என்ன செய்வோம் என்று. நியாயமான கேள்வி. நேரத்தை எழுதி வைத்தால் அது இருபக்கமும் வெட்டும். பிந்தி வந்த வண்டி தன் இடத்தை இழக்கட்டும், ஹால்டிங் கேட்கும் உரிமையையும் இழக்கட்டும். சொன்ன நேரத்தில் வந்த வண்டிக்கு ஆறு மணி நேரமோ எட்டு மணி நேரமோ இலவசமாகக் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் கணக்கைத் தொடங்கலாம். எத்தனை மணி நேரம் என்பதில் பஞ்சுக்கும் துணிக்கும் இரும்புக்கும் வித்தியாசம் இருக்கும். அதைத் தொழிலில் இருப்பவர்கள் உட்கார்ந்து பேசட்டும். எழுதாமல் விட்டிருப்பதால் இன்று இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் பொய் சொல்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது வாதம் கடினமானது. வண்டி அதிகம், லோடு குறைவு. ஹால்டிங் கேட்கும் வண்டியை விட்டுவிட்டுக் கேட்காத வண்டியைக் கூப்பிடுவார்கள். தனி ஒருவர் கேட்டால் அதுதான் நடக்கும். சங்கமாகக் கூடி வாடகையை நிர்ணயித்தால் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு குறுக்கே வரும் என்றும் சட்டம் தெரிந்தவர்கள் எச்சரிப்பார்கள். அதனால்தான் விலையை நிர்ணயிக்கச் சொல்லாமல், நேரத்தைப் பதியச் சொல்கிறேன். வந்த நேரம், இறக்கி முடிந்த நேரம் என்ற இரண்டும் எல்லா எல்.ஆரிலும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று அரசு விதி செய்யலாம். சரக்கேற்றுச் சட்டத்தின்கீழ்ப் படிவங்களை வகுக்கும் அதிகாரம் மத்திய அரசிடம்தான் இருக்கிறது. எல்லா வண்டிக்கும் பொதுவான விதி வந்துவிட்டால், கேட்காத வண்டி என்று ஒன்று தனியாக இருக்காது. செலவு துணி விலையில் ஏறாதா என்றும் கேட்பார்கள். அந்தச் செலவு இன்றும் ஆகிக்கொண்டுதான் இருக்கிறது. தவணை கட்ட முடியாத வண்டிக்காரரும் தூங்காத டிரைவரும் அதைக் கட்டுகிறார்கள். அதைத் துணிக் கணக்குக்கு மாற்றினால், குடோன்காரர் இன்னும் இரண்டு ஆளைப் போட்டுச் சீக்கிரம் இறக்கப் பார்ப்பார். இறக்கும் வேகத்தைக் கூட்டும் சக்தி அவருக்கு மட்டுமே இருக்கிறது. அந்தச் செலவு அவரிடம் போனால்தான் குறையும்.

எழுத்தில் இல்லாத பேச்சு நிற்காது என்பதற்கு நாம் வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. கோவை, திருப்பூர் மாவட்டத்து விசைத்தறியாளர்கள் பாவும் ஊடையும் வாங்கிக் கூலிக்கு நெய்கிறார்கள். 2014-ல் பேசி முடித்த கூலி பல இடங்களில் நடைமுறையில் தேய்ந்துபோனது. 2021 நவம்பரில் சோமனூர் ரகத்துக்கு 23 விழுக்காடும் பல்லடம் ரகத்துக்கு 20 விழுக்காடும் உயர்வு என்று அறிவித்தார்கள். கைக்கு வராததால் 2022 ஜனவரியில் தறிகள் நின்றன. கையெழுத்தும் சட்ட பலமும் உள்ள ஒப்பந்தம் வேண்டும் என்று அவர்கள் கேட்டது இந்த அனுபவத்தால்தான். தறிக்காரரும் லாரிக்காரரும் ஒரே நிலையில் இருக்கிறார்கள்: இயந்திரம் சொந்தம், கடன் சொந்தம், சரக்கு மட்டும் இன்னொருவருடையது. தறிக்காரர்கள் பத்தாண்டு போராடி அடைந்த தெளிவை லாரித் தொழில் இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

டெல்லி விதி செய்யும்வரை காத்திருக்கவும் அவசியமில்லை. இந்த வட்டாரத்து புக்கிங் ஆபீஸ்காரர்கள் எல்.ஆர். புத்தகத்தை இங்கேயே அச்சடிக்கிறார்கள். அனுப்புபவர், பெறுபவர், மூட்டை எண்ணிக்கை, எடை, வாடகை, அட்வான்ஸ், பேலன்ஸ் என்று ஏற்கெனவே உள்ள கட்டங்களுக்குக் கீழே, டெலிவரிக் கையெழுத்து வாங்கும் இடத்துக்கு மேலே, ஒரு விரல் அகலத்துக்கு வெற்றிடம் இருக்கிறது. அடுத்த கட்டுப் புத்தகம் அச்சுக்குப் போகும்போது அந்த இடத்தில் மூன்று கட்டம் சேர்த்தால் போதும்: கேட்டுக்கு வந்த நேரம், இறக்கத் தொடங்கிய நேரம், இறக்கி முடிந்த நேரம். முதல் கட்டத்தில் வாட்ச்மேன் கையெழுத்துப் போடலாம். அவரிடம் கேட் பதிவேடு ஏற்கெனவே இருக்கிறது, வண்டி எண்ணும் நேரமும் அதில் அவர் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். சந்தேகம் வந்தால் ஃபாஸ்டேக் குறுஞ்செய்தி டிரைவரின் போனில் இருக்கும். மற்ற இரண்டு கட்டங்களையும் குடோன் கணக்கர், சரக்கு வந்து சேர்ந்ததற்குக் கையெழுத்துப் போடும் அதே பேனாவால் நிரப்பிவிடலாம். முதல் ஆண்டு யாரும் ஒரு ரூபாய் கூடக் கேட்க வேண்டாம்; எழுதி வாங்கினால் போதும். பன்னிரண்டு மாதத்து எல்.ஆர். நகல்களை எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டு இதே ஊரில் மில்காரரும் குடோன்காரரும் வண்டிக்காரரும் உட்கார்ந்தால், எந்த வாசலில் எத்தனை மணி நேரம் என்று கையில் தாளை வைத்துப் பேசலாம்.